வேனுக்குள் குடித்தனம், பழைய ஒயரில் புது இன்வெர்ட்டர்: உயிரோடு விளையாட்டு!

அடி அண்ணாமலை—

பவுர்ணமி வந்தால் போதும், திருவண்ணாமலையில் வெளியூர் வேனும் பஸ்சும் வந்து குவிகின்றன. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டாமல் யாரும் சுற்றை முடிக்க முடியாது.

வந்து நிற்கும் வேன் சிலவற்றில் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு குடித்தனமே நடக்கிறது! படுக்கை, பாத்திரம், பேன், லைட், செல்போன் சார்ஜர். வசதிக்காரர் வண்டி என்றால் பிரிட்ஜ், ஏ.சி. கூட உண்டு. சினிமாக்காரர்களின் 'கேரவன்' இப்போது வாடகைக்கே கிடைக்கிறது.

ஓடுகிற வீட்டில் ஒரு சாமான் கெட்டுப் போனால்? "பழைய ஒயரே போதும்ணே, இன்வெர்ட்டரை மட்டும் மாத்திடலாம்" என்று காரியத்தை முடித்து விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஏறி உட்காருகிறது.

கணக்கைப் பாருங்கள்

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். 1000 வாட் சாமான் ஓடினால் ஒயரில் போவது சுமார் 4 ஆம்பியர். வேன் பேட்டரியோ 12 வோல்ட். அதே 1000 வாட்டுக்கு 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்!

முன்பு இருந்தது 300 வாட் இன்வெர்ட்டர் என்றால் 25 ஆம்பியர்தான். அதற்குப் போட்ட ஒல்லி ஒயரில் 83 ஆம்பியரை விட்டால் அது ஒயராக இருக்காது, அடுப்புக் கம்பியாகி விடும். பக்கத்திலேயே மெத்தை, துணி, டீசல்!

2 பேர் பிணம்

தீ மட்டும்தான் எமன் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 23-ந் தேதி, கேரள மாநிலம் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். கார்பன் மோனாக்சைடு விஷவாயுதான் காரணம் என்று பிரேத பரிசோதனையில் தெரிந்தது.

கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டர் புகை, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது அம்பலம் ஆனது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

என்ன செய்யணும்?

பேட்டரியில் கை வைக்கும்போது 'மைனஸ்' ஒயரை முதலில் கழற்றணும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதற்கு ஏற்ற தடித்த ஒயரும் சேர்த்து வாங்கணும். ஒயரின் சக்திக்குத் தகுந்த பியூசை பேட்டரி பக்கத்திலேயே வைக்கணும். பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஒட்டுப்போடக் கூடாது.

ஆசிட் பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டால், பழைய சார்ஜர் அதற்கு ஏற்றதா என்று கேட்கணும். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றுப் போக வழி வேண்டும்.

ஒயருக்காகத் தளத்தில் போட்ட ஓட்டையை அடைக்காமல் விடாதீர்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே தூங்கவே தூங்காதீர்கள்.

அடுத்த பவுர்ணமிக்கு வண்டி பேசும்போது, "ஏ.சி. இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ஜெனரேட்டர் புகை எந்தப் பக்கம் போகுது?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத வண்டி வேண்டாம்!