விதவை பென்ஷன் மனுவில் ஒளிந்திருக்கும் குடும்ப வரலாறு: அமெரிக்காவில் எப்படித் தேடுகிறார்கள்?

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா பெயர்? கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவீர்கள். பாட்டியுடைய அம்மாவின் பெயர்? இங்கேதான் நம்மில் பலர் மாட்டிக்கொள்வோம். நிலபுலன் இருந்த குடும்பம் என்றால் பழைய பத்திரத்தில் பெயர் கிடைக்கும். எதுவுமே இல்லாதவர்களின் பெயரை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

அமெரிக்காவில் இதற்கு எதிர்பாராத ஒரு பதில் இருக்கிறது: பென்ஷன் ஆபீஸ். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படைக்காகப் போரிட்டவர்களின் மனைவிகள் கொடுத்த பென்ஷன் மனுக்கள், குடும்ப வேர்களைத் தேடுகிறவர்களுக்கு இன்று பெரிய புதையல். அது ஏன், அந்தப் புதையலுக்கு அந்தப் பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள்? பார்க்கலாம்.

மனுவில் அப்படி என்ன இருக்கும்?

1862-ல் வந்த சட்டப்படி, ராணுவப் பணியால் உயிரிழந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் பென்ஷன். 1890-ல் வந்த இன்னொரு சட்டம் கதவை அகலமாகத் திறந்தது. கணவர் குறைந்தது 90 நாள் போர்ப்பணி செய்திருந்தால் போதும், பிறகு எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மனைவி மனு போடலாம்.

ஆனால் பணம் சும்மா வந்துவிடாது. 'இவர்தான் அந்தச் சிப்பாய், நான்தான் அவர் மனைவி, இவை எங்கள் பிள்ளைகள்' என்று ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். இன்று வாரிசு சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸுக்கு அலைகிறோம் இல்லையா, அதே கதைதான். ஒரு வித்தியாசம்: அன்று அமெரிக்காவின் பல ஊர்களில் பிறப்பையோ திருமணத்தையோ அரசு பதிவு செய்யவே இல்லை.

அதனால் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதியைக் குடும்ப பைபிளில் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தையே கிழித்து மனுவோடு வைத்தவர்கள் உண்டு. பிரசவம் பார்த்த மருத்துவச்சி, திருமணம் நடத்திய பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் போரிட்ட சிப்பாய் என்று பலரும் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அரசுக்குச் சந்தேகம் வந்தால் சிறப்பு விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார்.

ஆக, ஒரே கோப்பில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை:

• மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்
• திருமணம் நடந்த தேதி, ஊர், நடத்தி வைத்தவர்
• பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள்
• இருவருக்கும் முன்பு திருமணம் நடந்திருந்தால் அந்த விவரம்
• சாட்சிகளின் பெயர்கள் (இவர்களில் பலர் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்)

1870 என்ற சுவர்

இந்தக் கோப்புகளின் அருமை அதிகம் தெரிவது கறுப்பினக் குடும்பங்களுக்குத்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். தங்கள் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் அந்த ஆண்டில் வந்து முட்டி நின்றுவிடுகிறார்கள்.

அந்தச் சுவரில் ஒரு ஓட்டை போடுவது பென்ஷன் கோப்பு. வடக்கின் படையில் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் அங்கீகரித்ததில்லை, அதனால் பலரிடம் காட்டுவதற்குச் சான்றிதழும் இல்லை. இதைப் பார்த்த நாடாளுமன்றம் 1864-ல் ஒரு வழி செய்தது: கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததை நம்பகமான சாட்சிகள் சொன்னால் போதும். அந்தச் சாட்சிகள் பேசும்போது யாருடைய பண்ணையில் இருந்தார்கள், பெற்றோர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிட்டது.

ஹாரியட் டப்மனின் கோப்பு

அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, சுமார் 70 பேரையும் தப்பிக்க வைத்தவர் ஹாரியட் டப்மன். அவரும் பென்ஷனுக்காக வரிசையில் நின்றவர்தான். 1869-ல் அவர் மணந்த நெல்சன் டேவிஸ் 1888-ல் இறந்தார். 1890 சட்டம் வந்ததும் மனு போட்டார். சிக்கல் என்னவென்றால், ராணுவப் பதிவேட்டில் 'நெல்சன் டேவிஸ்' என்று யாரும் இல்லை, 'நெல்சன் சார்ல்ஸ்' என்றுதான் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரே என்று டப்மன் நிரூபிக்க வேண்டியிருந்தது. சார்ல்ஸ் என்பது அவரை அடிமையாக வைத்திருந்தவரின் பெயர், டேவிஸ் என்பது அவர் தந்தையின் பெயர் என்ற விளக்கம் அப்படித்தான் ஆவணத்தில் ஏறியது. ஒரு கிளார்க்கின் சந்தேகத்தால், எந்தக் கணக்கெடுப்பும் எழுதாத ஒரு தந்தையின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

மாதம் 8 டாலர் அனுமதியானது 1895-ல். மனு போட்டு ஐந்து வருடம் கழித்து! போரில் டப்மன் நர்ஸாக வேலை செய்ததையும் கருதி, 1899-ல் அதை 20 டாலராக உயர்த்தினார்கள்.

அந்தப் பெண்கள் கொடுத்த விலை

1882-ல் வந்த ஒரு சட்டம், கணவரை இழந்தவர் திருமணம் செய்யாமல் வேறொருவருடன் வாழ்ந்தால் பென்ஷனை நிறுத்தச் சொன்னது. விளைவு? அவள் நடத்தை எப்படி, வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அந்தப் பதில்களும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. இன்று கொள்ளுப்பேத்தி ஆவலோடு படிக்கும் பக்கம், அன்று அந்தப் பெண்ணுக்கு அவமானமாக இருந்த பக்கமாக இருக்கலாம். படிக்கும்போது இதை மறந்துவிடாதீங்க.

அப்படியே நம்பலாமா?

வேண்டாம். மனுதாரர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கமிஷன் ஏஜென்ட்டோ கிளார்க்கோ எழுதியதன் கீழே பெருக்கல் குறி மட்டும் போட்டார்கள். வயது, தேதி எல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னவை. பணம் கிடைக்க வேண்டும் என்ற தேவையும் இருந்தது. அதனால் கோப்பில் கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடு போன்ற இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

கோப்புகள் எங்கே இருக்கின்றன?

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில். முதலில் சிப்பாயின் பெயரை வைத்து அட்டவணையில் மனு எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு கோப்பின் நகலைக் கேட்க வேண்டும். நிராகரிக்கப்பட்ட மனு என்றாலும் விடாதீர்கள். நிரூபிக்கப் போராடியவர்கள் கூடுதல் காகிதம் கொடுத்திருப்பார்கள். எதிரணியான தெற்கின் சிப்பாய்களுக்குப் பென்ஷன் கொடுத்தவை தனித்தனி மாநிலங்கள் என்பதால், அவர்களின் கோப்புகளை அந்தந்த மாநிலக் காப்பகத்தில் தேட வேண்டும்.

நம் ஊரில்?

முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து சென்ற சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்தன. 2021-ல்தான் அவற்றை இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்தியச் சிப்பாய்களை இலவசமாகத் தேடலாம். பலருடைய பெயருக்குப் பக்கத்தில் தந்தை அல்லது மனைவியின் பெயரும் ஊரும் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது ராணுவத்தில் இருந்திருந்தால், பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பென்ஷன் புத்தகம், ஆபீஸுக்கு எழுதிய கடிதத்தின் நகல், மனுவுக்காக எடுத்த ஜோடி போட்டோ ஏதாவது கிடைக்கலாம். 'இனி இது எதுக்கு?' என்று பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீங்க. முதலில் மொபைலில் ஒரு ஸ்கேன் எடுங்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால், அவருடைய அம்மாவின் பெயரையும் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.