அம்மாவின் நாரி நோ: "வயசுதானே" என்று விட்டுவிடலாமா?

"எனக்கென்ன பிள்ளை, வயசு போனால் நாரி நோகத்தானே செய்யும்."

இப்படிச் சொல்லியே என் அம்மா மூன்று மாதம் நோவைப் பொறுத்துக்கொண்டார். கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கியபோது நடுமுதுகில் ஏதோ பிடித்ததாம். தைலம் பூசினார், பனடோல் போட்டார், படுத்தார். விழவில்லை, அடிபடவுமில்லை. அதனால் எலும்பு முறிந்திருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. மன்னார்க் கரையோரக் கிராமங்களில் பெண்களின் கஷ்டங்களைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நானும் நினைக்கவில்லை. ஒருநாள் அவருடைய சட்டை முன்பக்கம் கீழிறங்கித் தொங்குவதைக் கண்டேன். சட்டை நீளவில்லை, அம்மாதான் வளைந்திருந்தார். எக்ஸ்றேயில் முள்ளந்தண்டு எலும்பொன்று முன்புறம் நசிந்து ஆப்புப் போல இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாய் இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்புக்குள் நடப்பது என்ன?

எலும்பு உயிருள்ள பொருள். அதன் பழைய பகுதி கரைவதும் புதியது உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. சுமார் 30 வயது வரை சேமிப்புக் கூடும். பின்பு மெல்லக் குறையும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் குறைவதால் அடுத்த சில வருடங்களில் இழப்பு வேகமாகிறது. எலும்பின் உட்புறம் ஐதாகி, அரித்த பலகை போலாகிவிடும். இதையே எலும்பு நலிவு நோய் என்கிறோம்.

எலும்பு ஐதாவது மட்டும் நோவைத் தராது. முறிந்த பின்புதான் நோ வரும். முள்ளந்தண்டு எலும்பு நசிவதற்கு விழத் தேவையில்லை. குனிவது, தூக்குவது, பலமாக இருமுவது கூடப் போதும். இவ்வாறான நசிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு "வெறும் முதுகு நோ" என்று கவனிக்கப்படாமலே போகின்றன. ஒன்று நசிந்தவருக்கு அடுத்ததும் நசியும் ஆபத்து அதிகம். ஆகவே முதல் முறிவைக் கண்டுபிடிப்பதே முக்கியம்.

இடம்பெயர்வும் எங்கள் எலும்பும்

1990 இல் அம்மா கைக்குழந்தையான என்னுடன் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர். அதே வருடம் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சகோதரிகள் விரட்டப்பட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். 2008 இல் அடம்பன், விடத்தல்தீவுப் பகுதிகளிலிருந்து வன்னிக்குள் நகர்ந்தவர்கள் 2009 இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்தார்கள். அரிசி, பருப்பு, மா, சீனி என்று நிவாரணம் கிடைத்தது. பாலும் மீனும் கீரையும் அரிது. கிடைத்ததையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் கடைசியாகச் சாப்பிட்டாள். எலும்புச் சேமிப்புக்குரிய வயதில் இப்படி வாழ்ந்தவர்களுக்கு முதுமையில் கையிருப்புக் குறைவாக இருக்கலாம்.

சூலகம் அகற்றப்பட்டவர்கள், 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், முட்டு வருத்தத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் நீண்டகாலம் பிரட்னிசொலோன் குளிசை எடுப்பவர்கள், புகையிலை பாவிப்பவர்கள், காலை இழந்து நடமாட்டம் குறைந்தவர்கள் ஆகியோரும் கவனமாயிருக்க வேண்டும்.

எப்போது சந்தேகிப்பது?

- 50 வயதுக்கு மேல் திடீரென வந்த முதுகு நோ, நின்றாலும் நடந்தாலும் கூடி, படுத்தால் குறைவது.
- இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருப்பது.
- கூன் விழுவது. சுவரோடு குதிகால் முட்ட நின்றால் பின்தலை சுவரைத் தொடாதது.
- சிறு விழுகையில் மணிக்கட்டோ இடுப்போ முறிந்தது.

அம்மாவைக் கதவு நிலையோடு நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை அளவுங்கள். இதற்குச் செலவே இல்லை.

எல்லா முதுகு நோவும் எலும்பு நலிவல்ல. காய்ச்சல், மெலிவு, இரவிலும் ஓயாத நோ, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தால் காசநோய், புற்றுநோய் போன்றவற்றையும் பார்க்க வேண்டும். கால் விறைத்தாலோ பலம் குறைந்தாலோ, சலமும் மலமும் கட்டுப்பாடின்றிப் போனாலோ, போகாமல் அடைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வைத்தியரிடம் பேசும்போது

"நாரி நோகுது" என்று மட்டும் சொன்னால் நோக் குளிசையோடு திரும்பி வரவேண்டியிருக்கும். எப்போது, என்ன செய்யும்போது தொடங்கியது, எவ்வளவு உயரம் குறைந்தது, என்னென்ன குளிசை எடுக்கிறார் என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். "முள்ளந்தண்டு எலும்பு நசிந்திருக்குமா, எக்ஸ்றே தேவையா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது எங்கள் உரிமை.

எலும்பின் அடர்த்தியை அளப்பதற்கு டெக்ஸா என்ற ஸ்கான் உண்டு. அதன் ரீ-அளவு மறை 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்பு நலிவு என உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வரையறுத்தது. இந்த ஸ்கான் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. நோவுடன் நெடுந்தூரம் பஸ்ஸில் போக முடியாதே என்று மனம் தளர வேண்டாம். பெரிய அடியின்றி முள்ளந்தண்டு எலும்பு நசிந்திருந்தால், வேறு நோய் இல்லையென்று உறுதி செய்தபின், ஸ்கான் இன்றியும் வைத்தியர் சிகிச்சை தொடங்கலாம். உடம்பில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்.

வாரமொரு முறை எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும், தேநீருடன் கூடாது. பின்பு அரை மணித்தியாலம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது. படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகலாம். சிறுநீரக வருத்தமோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதிய பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஒரு கிளாஸ் பாலில் ஏறக்குறைய 240 உண்டு. பால் வாங்க முடியாவிட்டால் முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன் மா, முருங்கையிலை, எள்ளு எங்கள் ஊரிலேயே உண்டு. கருவாட்டு நெத்தலியை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள். உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியமும் வெளியேறும். வெற்றிலைச் சுண்ணாம்பை மருந்தென்று நம்ப வேண்டாம். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைத் தரும். கல்சியத்தை உடம்பு ஏற்க விற்றமின் 'டி' தேவை. கை, கால்களில் படும்படி வளவுக்குள் சிறிது நேரம் வெயிலில் இருக்கட்டும்.

நோ கடுமையாக இருக்கும் சில நாள் ஓய்வு போதும். மாதக்கணக்கில் படுத்தால் எலும்பும் தசையும் மேலும் நலியும். மெல்ல நடக்க விடுங்கள். குனிந்து பாரம் தூக்குவதை நிறுத்துங்கள். வாளியைப் பாதி நிரப்பி, உயரமான கட்டில் வையுங்கள்.

விழாமல் காப்பதும் வைத்தியமே. வெளியே மலசலகூடம் போகும் பாதைக்கு விளக்கு, கிணற்றடியில் பாசி தேய்ப்பு, தேய்ந்த செருப்புக்குப் பதில் நல்ல செருப்பு, கண்ணில் வெண்புரை இருந்தால் சிகிச்சை ஆகியவை வேண்டும்.

இப்போது அம்மா காலையில் படலையடி வரை நடக்கிறார். வளைந்த முதுகு நிமிரவில்லை, நோ குறைந்திருக்கிறது. கதவு நிலையில் அவர் கோட்டுக்குப் பக்கத்தில் என் கோட்டையும் போட்டிருக்கிறேன். தாயைப் பராமரிக்கும் மகளுக்கும் எலும்பு இருக்கிறது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகளே, அம்மாவுக்குக் குரக்கன் கூழ் காய்ச்சும்போது உங்களுக்கும் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள்.