ஆதிச்சநல்லூர்ப் பட்டியல்களும் நிரல் தொகுப்பு முறையும்

1. தோற்றுவாய்

பொருநையாற்றின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்திற்கு மேற்கே ஏறத்தாழ மூன்று கல் தொலைவில் உள்ளது ஆதிச்சநல்லூர். ஆங்குள்ள 114 ஏக்கர்ப் பரப்பினதாகிய தாழிக்காடு தமிழகத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெருஞ்சான்றுகளுள் ஒன்று என்பது அறிஞர் அறிந்ததே. 1876இல் செருமானியரான யாகோர் ஈண்டு முதன்முதல் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் இரும்புப் படைக்கருவிகளையும் திரட்டினார். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவ்வகழ்வு நடந்துவந்த காலத்திலேயே, 1903இல், பிரஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் சில தாழிகளை அகழ்ந்து பாரிசுக்குக் கொண்டுபோயினர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2004, 2005ஆம் ஆண்டுகளில், இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. 2020இல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரிலும், பொருநைக்கு வடபாலுள்ள சிவகளையிலும் பணி தொடங்கியது.

இங்ஙனம் ஒரே நிலப்பகுதியின் சான்றுகள் பல கைகளால், பல காலங்களில், பல அளவைகளால் பதியப்பட்டுப் பல நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஒருங்குசேர்த்து, 'இரும்பு பெற்ற தாழிகள் எத்துணை? நெல்லுமி கண்ட தாழிகள் எத்துணை?' என வினவுவார்க்கு இன்று கணிப்பொறியே துணையாகும். ஆயின் அக்கருவி, தன்னிடம் சொன்னவாறு கூட்டுமேயன்றி, கூட்டத் தகுவது யாது என ஆராயாது. ஆதலின், தரவு ஒருங்கிணைப்பு மென்பொருளில் அட்டவணை நிரல்களைத் தொகுக்கும் உறுப்பினை அமைக்கும் முறையைத் தமிழாய்வாளர்க்கு விளக்குதலும், அவ்வமைப்பில் ஆராய்ச்சியாளர் தாமே முடிவு செய்ய வேண்டியன இவை எனக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொகுத்தல் என்பது யாது

தொகுத்தல் நமக்குப் புதிய கலையன்று. வழிநூலின் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுப்பது தொல்காப்பிய மரபியல். எட்டுத்தொகையைத் தொகுத்தோரோ அடியளவை ஓர் அடையாளமாகக் கொண்டு அகவற்பாக்களைப் பிரித்தனர். 4 முதல் 8 அடி வரையின குறுந்தொகையாகவும், 9 முதல் 12 வரையின நற்றிணையாகவும், 13 முதல் 31 வரையின நெடுந்தொகையாகிய அகநானூறாகவும் அமைந்தன. ஈண்டு 'அடியளவு' என்பது ஒரு நிரல். அந்நிரலின் மதிப்பைக் கொண்டு பாடல்களாகிய நிரைகள் குழுக்களாயின.

அகநானூற்றின் அமைப்பு இதனினும் தெளிவானது. ஒற்றைப்படை எண் பெற்றன பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்காவன நெய்தல். நானூறு பாடல்களையும் ஓர் அட்டவணையில் இட்டுத் திணை என்னும் நிரலால் குழுவாக்கி எண்ணுமாறு பணித்தால், பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40 என ஐந்து நிரைகளே வெளிவரும். நானூறு நிரை ஐந்து நிரையாயிற்று. கூட்டினால் மீண்டும் நானூறே வரும். தொகுப்பு உறுப்பின் செயல் முழுவதும் இவ்வளவே எனலாம்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. குறுந்தொகையின் மேலெல்லை 8 அடி என்பது மரபு. இன்று வழங்கும் பதிப்புகளில் உள்ள பாடல்களின் அடியளவை அட்டவணையிட்டு, 'பெருமம்' காணுமாறு பணித்தால் விடை 9 என வரும். 307, 391 ஆகிய இரு பாடல்களும் 9 அடியின ஆதலின் என்க. கருவி மரபை அறியாது; உள்ளதை உரைக்கும். விலக்கினை விலக்கென்று உணர்தல் புலவர் கடன்.

3. உறுப்பின் அமைப்பு

தரவு ஒருங்கிணைப்பு என்பது எடுத்தல், மாற்றல், ஏற்றல் என்னும் முத்தொழிலை உடையது. பல மூலங்களினின்று தரவை எடுத்து, ஒரு நெறிக்கு மாற்றி, ஒரு தரவுத்தளத்தில் ஏற்றுவர். தொகுப்பு உறுப்பு இவற்றுள் நடுவணதாகிய மாற்றலைச் சார்ந்தது. டேலண்ட் என்னும் மென்பொருளில் இது 'டி-அக்ரிகேட்-ரோ' எனப் பெயர் பெறும். அம்மென்பொருளின் கட்டணமில்லாப் பதிப்பு 2024 சனவரி இறுதியோடு நிறுத்தப்பட்டதாயினும், முறை பிற மென்பொருள்களிலும் ஒன்றே, எஸ்.கியூ.எல். மொழியில் 'குரூப் பை' என்னும் கட்டளையும் இதனையே செய்யும்.

அமைக்குங்கால் நிரப்ப வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது வெளியீட்டு நிரல்களின் வரையறை. ஒவ்வொரு நிரலின் பெயரும், அது எண்ணோ எழுத்தோ நாளோ என்னும் வகையும் ஈண்டுக் குறிக்கப்படும். இரண்டாவது குழு நிரல். எவ்வெந் நிரல்களின் மதிப்பு ஒத்திருந்தால் நிரைகள் ஒரு குழுவாகும் என்பது ஈண்டு முடிவாகும். மூன்றாவது செயல், ஒவ்வொரு வெளியீட்டு நிரலுக்கும் எந்த உள்ளீட்டு நிரலின்மேல் எச்செயல் நிகழ வேண்டும் எனக் குறிப்பர். எண்ணிக்கை, வேறுபட்டனவற்றின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சராசரி, சிறுமம், பெருமம், பட்டியல் என்பன பெருவழக்கான செயல்கள். பட்டியல் என்பது ஒரு குழுவின் மதிப்புகளை இடையே குறியிட்டு ஒரே கட்டத்தில் அடுக்குவது. ஒரு தாழியிற் கண்ட பொருட்பெயர்களை ஒரு வரியிற் காண விழைவார்க்கு இது பயன்படும்.

நிரல் வகையைக் குறித்தலில் விழிப்பு வேண்டும். எண்களைக் கொண்ட நிரலை எழுத்து வகையாக விட்டுவிட்டால், அகராதி முறைப்படி ஒப்பிட்டு, 9 என்பதை 100 என்பதினும் பெரிதென உறுப்புக் கொள்ளும். சராசரிக்குரிய வெளியீட்டு நிரலை முழுவெண்ணாக வைத்தால் பின்னப்பகுதி மறையும். மேலும், ரீயின் காலத்து அளவுகள் அடி, அங்குலத்தன. இக்காலத்தன சென்டிமீட்டரில் அமைவன. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என மாற்றிய பின்னரே நீளம் என்னும் ஒரு நிரலில் இரண்டையும் சேர்த்தல் தகும்.

4. குழு நிரலைத் தேர்தல்

மூன்றனுள்ளும் தலையாயது குழு நிரலே. 'தாழி எண்' என்னும் ஒன்றை மட்டும் குழு நிரலாகக் கொண்டோம் எனின் நேர்வது யாது? ஒவ்வோர் அகழ்வும் தனக்குரிய எண்ணை ஒன்றிலிருந்தே தொடங்கும் இயல்பினது. ஆதலின் பழைய அகழ்வின் 12ஆம் தாழியும், நூறாண்டு கழித்து வேறொரு குழியிற் கண்ட 12ஆம் தாழியும், சிவகளையின் 12ஆம் தாழியும் ஒரே தாழியாகிவிடும். மூவர் எலும்பும் ஒரு தாழியிற் புதைந்தனவாகக் கணக்கு வரும். அதனின்று 'கூட்டுப் புதைப்பு வழக்கம்' என ஒரு முடிபு எழுதப்படவும் கூடும். இடம், அகழ்வாண்டு, குழி, தாழி எண் என நான்கு நிரலும் சேர்ந்தே ஒரு தாழியை அடையாளப்படுத்தும் எனக் கொள்வதே முறை.

இனி, பதிவேட்டின் அடுக்குமுறையும் ஈண்டு ஆராயத்தக்கது. ரீ 1915இல் வெளியிட்ட ஆதிச்சநல்லூர், பெரும்பேர்த் தொல்பொருட் பட்டியல், பொருளின் வகையை முதன்மையாகக் கொண்டு அடுக்கப்பட்டது. இக்கால அகழாய்வுப் பதிவேடோ குழி, மண்ணடுக்கு, ஆழம் என்னும் இடவமைதியை முதன்மையாகக் கொள்வது. முன்னது 'இத்தகைய வாள்கள் எத்துணை' என்னும் வினாவிற்கு எளிதில் விடை தரும். 'இவ்வாளொடு உடன் கிடந்தன யாவை' என்பதற்கு அங்ஙனம் தாராது. பொருள்வகையால் ஒருமுறை தொகுத்த பட்டியலினின்று தாழிவாரியான சேர்க்கையை எந்த மென்பொருளும் மீட்டுத் தாராது. தொகுத்தல் என்பது ஒன்றைக் காட்டுதற்காக மற்றொன்றை மறைத்தலாகும். எதனை மறைக்க ஒருப்படுகின்றோம் என்பதே குழு நிரல் தேர்வின் உட்பொருள். ஆதலால் தாழி தெரியாத பொருளுக்கு ஊகத்தால் ஒரு தாழியெண் இடுதல் கூடாது; 'தாழி அறியப்படாதது' எனத் தனிக்குழுவாக வைத்தலே நேர்மையான நெறி.

5. வெற்றிடமும் சுழியும்

பதிவேட்டில் ஒரு கட்டம் நிரப்பப்படாதிருத்தல் வேறு. அதில் சுழி எழுதப்பட்டிருத்தல் வேறு. சுழி, 'தேடினேம், இல்லை' எனக் கூறும். வெற்றிடம், தேடியதுண்டோ இல்லையோ என்பதையும் கூறாது. விளக்கத்தின் பொருட்டு யாம் கற்பித்துக்கொண்ட நான்கு தாழிகளில் இரும்புப் பொருள் முறையே 6, 2, 0, வெற்றிடம் எனக் கொள்வோம். வெற்றிடத்தைப் புறக்கணித்தால் சராசரி 8ஐ மூன்றால் வகுக்க 2.67 ஆகும். வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டால் 8ஐ நான்கால் வகுக்க 2 ஆகும். இரண்டும் கணக்கிற் பிழையல்ல. இரண்டும் ஒரே வினாவிற்கு விடையுமல்ல.

உறுப்பில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே 'வெற்றிடத்தைப் புறக்கணி' என்னும் குறி உண்டு. ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் இரும்பு துருவேறி உருவழிதல் இயல்பாதலின், இக்குறியை இடுதலும் விடுதலும் வெறும் வசதி பற்றியதன்று; தமிழகத்தின் இரும்புப் பயன்பாடு பற்றிய கூற்றே ஆகும். எனவே முடிவினை வெளியிடுவோர் எத்துணைத் தாழிகளில் இந்நிரல் வெற்றிடமாயிருந்தது என்னும் எண்ணையும் உடன் வெளியிடல் வேண்டும்.

6. இணைத்தலும் தொகுத்தலும்: முன்பின் முறை

இரும்புப் பொருள் அட்டவணை ஒன்று, மட்கல அட்டவணை ஒன்று என இரண்டு உள்ளன எனக் கொள்வோம். ஒரு தாழியில் இரும்பு 3, மட்கலம் 4 உள்ளன. தாழி அடையாளத்தால் இரண்டையும் முதலில் இணைத்தால், ஒவ்வோர் இரும்புப் பொருளும் ஒவ்வொரு கலத்தோடும் சேர்ந்து பன்னிரண்டு நிரைகள் தோன்றும். அவற்றைப் பின்னர் எண்ணினால் இரும்பும் 12, கலமும் 12 என வரும். உறுப்பு யாதொரு பிழைச்செய்தியும் தாராது. எனவே ஒவ்வோர் அட்டவணையையும் தாழிவாரியாக முதலில் தனித்தனியே தொகுத்து, தாழிக்கு ஒரு நிரையாக்கிய பின்னரே இணைத்தல் வேண்டும். தொகுத்து இணைத்தல் முறை. இணைத்துத் தொகுத்தல் மயக்கம்.

சராசரிகளின் சராசரியும் இத்தகையதே. ஒரு குழியில் இரண்டு தாழி, தாழிக்கு 5 பொருள். மற்றொன்றில் எட்டுத் தாழி, தாழிக்கு 10 பொருள். இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7.5. உண்மையோ, 90 பொருளைப் பத்துத் தாழியால் வகுக்க 9. ஆதலின் இடைத்தொகுப்பில் சராசரியை அன்றிக் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் ஏந்திச் சென்று, இறுதியில் ஒருமுறை வகுத்தலே தக்கது.

7. காலக்கணிப்பைத் தொகுக்கலாகுமோ

சிவகளைத் தாழியொன்றிற் கண்ட நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. அவ்விடத்து இரும்புப் பயன்பாட்டிற்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்புகள் 2025 சனவரியில் வெளியாயின. இவ்வெண்கள் ஒரே நிரலில் அமரும் தோற்றமுடையன. சிறுமம், பெருமம், சராசரி என்னும் செயல்கள் அவற்றின்மேலும் தடையின்றி நிகழும். ஆயின் நெல்லின் காலத்தையும் வேறு தாழியின் காலத்தையும் கூட்டிச் சராசரி கண்டால் எத்தாழிக்கும் உரியதல்லாத ஓர் ஆண்டே எஞ்சும். தொன்மையான எண்ணொன்றை மட்டும் எடுத்து 'சிவகளையின் காலம்' என்றால், ஒரு மாதிரியின் காலம் ஊர் முழுவதற்கும் ஏற்றப்பட்டதாகும். கரிமக் கணிப்பும் ஒளிக்கணிப்பும் வேறுவேறு நிகழ்ச்சிகளை அளப்பன. ஒவ்வொன்றற்கும் பிழையெல்லை உண்டு. ஆதலின் காலநிரலுக்குப் பட்டியல் என்னும் செயலே உரியது. மாதிரியின் பொருள், கணிப்பு முறை, பிழையெல்லை ஆகியன பிரியாது உடன்வரல் வேண்டும்.

இது சிறு செய்தியன்று. பொருநைக்கரையின் தொன்மை இன்று தமிழர் அனைவராலும் பெருமிதத்தோடு நோக்கப்படுவது. அப்பெருமிதம் நிலைபெற வேண்டுமாயின், ஐயுறும் ஆய்வாளர் ஒருவர் நம் எண்ணைப் பிரித்து அதன் நிரைகளைக் காணும் வாய்ப்பு என்றும் திறந்திருத்தல் வேண்டும். விரி காட்டவியலாத தொகை, எத்துணைப் பெரிதாயினும், சான்றாகாது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒரு தாழியை அடையாளப்படுத்தும் நிரல்கள் அனைத்தும் சேர்ந்தே குழு நிரலாதல் வேண்டும். அளவையும் நிரல் வகையும் தொகுக்குமுன் ஒருமைப்படுத்தப்படல் வேண்டும். வெற்றிடம் சுழியாகாது. தொகுத்தபின் இணைத்தலே முறை. காலக்கணிப்புகளைக் கூட்டுதலும் சராசரி காணுதலும் கூடா. உள்ளீட்டு நிரைகளின் எண்ணிக்கையும் குழுக்களின் எண்ணிக்கைகளைக் கூட்டிய தொகையும் ஒத்தல் வேண்டும். அகநானூற்றுத் திணைக்கணக்கில் நானூறு நானூறாகவே நின்றது போல என்க.

சங்கப் பாக்களைத் தொகுத்தோர், தாம் கொண்ட அளவுகோல் இதுவெனத் தொகையின் அமைப்பிலேயே விளங்க வைத்தனர்; பாடலையும் அழியாது காத்தனர். பெர்லினிலும் பாரிசிலும் சென்னையிலும் பிரிந்து கிடக்கும் பொருநைச் சான்றுகளை ஓர் அட்டவணைக்கீழ்க் கொணர முயலும் மாணாக்கர், அவ்விரு கடமைகளையும் தமக்கும் உரியனவாகக் கொள்வாராக.