உங்களுக்குத் தெரியுமா? திருச்சி பாலக்கரைக் குழாயில் வருவது காவிரி!

திருச்சி மாநகராட்சிக் குடிநீர், கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. ஆற்றுமணலே முதல் வடிகட்டி, பிறகு குளோரின். திருச்சியருகே எடுக்கும் காவிரி நீர் ராமநாதபுரம் மாவட்டம் வரை குழாயில் போகிறது. அங்கே குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாலக்கரையில் நாம் கேன் வாங்குகிறோம்!

கேன், பாட்டில் தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் அதில் ஒரு பகுதியை உப்புக் கழிவாக வெளியே தள்ளிவிடும். அந்த இழப்பு பாட்டில் விலையில் தெரியாது, பக்கத்து ஊர்க் கிணற்றில் தெரியும். கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் வந்த கோகோ கோலா குளிர்பான ஆலை, அது நிலத்தடி நீரை எடுத்ததால் கிணறுகள் கெட்டன என்று மக்கள் போராடியதால் 2004-இல் நின்றது.

தண்ணீர் இழப்போடு பிளாஸ்டிக் குப்பையும் சேர்கிறது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட்டைத் தடை செய்தது, பாட்டிலைத் தொடவில்லை. எப்படித் தொடும்? 2013-இல் அரசே ‘அம்மா குடிநீர்’ பாட்டிலை 10 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியதே! காலி பாட்டிலில் அரசு, தனியார் பேதம் கிடையாது. பாலக்கரை வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் விழுந்தால் எல்லாம் குப்பைதான்.

குழாய்த் தண்ணீர் மீது சந்தேகமா? காய்ச்சிக் குடியுங்கள். கலங்கி வந்தால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள்.