மாஸ்டரின் கிட்டார் உங்க கைக்கு வந்தா?



‘பழைய ஹார்ட்வேர்’ எபிசோட் கேட்டுட்டீங்களா? அதில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதுறேன். இது கம்ப்யூட்டர் இல்லை, ஃபோன் இல்லை. ஒரு கிட்டார். ஒரே ஒரு ஆளுக்காக, அவர் கேட்ட மாதிரியே கையால் செய்த கிட்டார். அந்த ஆளுக்குப் பிறகு அது இன்னொருத்தர் கைக்கு வந்தால், அவரிடம் உண்மையில் இருப்பது என்ன?

எனக்கு இது சும்மா வந்த கேள்வி இல்லை. எங்க வீட்டில் பாட்டியோட வீணை இருக்கு. அதை ரிப்பேருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவுக்கும் எனக்கும் ரொம்ப நாளாகவே வாக்குவாதம். அதுக்குக் கடைசியில் வரேன். முதல்ல கிட்டார்.

படுக்க வைத்து வாசிக்கும் கிட்டார்

ஸ்டீல் கிட்டார் என்றதும் ஸ்டீலில் செய்த கிட்டார்னு நினைச்சுடாதீங்க. ஸ்டீல் என்பது இடது கையில் பிடிக்கும் உலோகத் துண்டு. கிட்டாரை மடியிலோ ஸ்டாண்டிலோ படுக்க வைத்து, விரலால் தந்தியை அழுத்துவதற்குப் பதிலாக அந்தத் துண்டைத் தந்தி மேல் வைத்து வழுக்கிக்கொண்டு போவார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் வளர்ந்த முறை இது. ஜோசப் கெகூகூ என்பவர் பள்ளிப் பையனாக இருந்தபோதே இதைத் தொடங்கினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். கச்சேரியில் சித்திரவீணை பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே புரிஞ்சிடும். கோட்டுவாத்தியம் என்பதும் அதுதான். மெட்டே இல்லாத வீணையில் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பார்கள், இல்லையா? அதே யோசனைதான்.

நம்ம மாதிரி டெக் ஆட்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. கடைக்கு விற்பனைக்கு வந்த முதல் எலக்ட்ரிக் கிட்டார்களில் பேர் பெற்றது, 1932இல் வந்த ‘ஃப்ரையிங் பான்’. பின்னால் ரிக்கன்பேக்கர் என்று பெயர் எடுத்த கம்பெனி செய்தது. வட்டமான சின்ன உடம்பு, நீளமான கழுத்து, எல்லாம் அலுமினிய வார்ப்பு. பார்க்க வாணலி மாதிரியே இருக்கும். அது ஒரு ஸ்டீல் கிட்டார். காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் அதற்கேற்ப மின்சாரம் உண்டாகிறது. இன்றைக்கு வரைக்கும் எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப் இப்படித்தான் வேலை செய்யுது.

ஆனால் ஸ்டீல் கிட்டாருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. கையில் இருக்கும் துண்டு நேரானது. அதை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் ஒரே அளவுதான் ஏறும், இறங்கும். தந்திகளை எந்தச் சுருதியில் கட்டினீர்களோ, அதில் கிடைக்கும் கார்டுகள்தான் உங்களுக்கு. வேறு கார்டு வேண்டுமா? வேறு சுருதி கட்டிய இன்னொரு கழுத்து வேண்டும். அதனால்தான் ரெண்டு கழுத்து, மூணு கழுத்து என்று கருவி மேஜை சைஸுக்குப் பெரிசாகிக்கொண்டே போனது. இதற்கு வந்த தீர்வுதான் பெடல். காலால் மிதித்தால் ஒன்றிரண்டு தந்திகள் மட்டும் சுருதி மாறும், மற்றவை அப்படியே நிற்கும்.

டவ்னியில் ஒரு பட்டறை

இந்த இடத்தில்தான் பால் பிக்ஸ்பி வருகிறார். 1899இல் பிறந்தவர். மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர். லாஸ் ஏஞ்சலஸில் கிராக்கர் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். உலோக வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செதுக்குவது அவர் தொழில். மரமும் தெரியும், அலுமினியமும் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டவ்னி என்ற ஊரில் சின்னப் பட்டறை வைத்து, பெரும்பாலும் தனியாளாகவே கிட்டார் செய்தார். ஷோரூம் இல்லை, கேட்லாக் மாடல் இல்லை. யார் கேட்டார்களோ அவருக்கு மட்டும், கேட்ட மாதிரி.

1948இல் அவரிடமிருந்து ஒரு பெடல் ஸ்டீல் வாங்கியவர் ஸ்பீடி வெஸ்ட். 1924இல் மிசோரியில் பிறந்து, பிழைப்புக்காகக் கலிஃபோர்னியா வந்தவர். உடம்பு பூராவும் சின்னச் சின்னப் புள்ளிச் சுழிகள் தெரியும் பர்ட்ஸ்ஐ மேப்பிள் மரம். முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு தண்டில் பெடல்கள். முன் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் அவர் பெயர். அந்தக் கிட்டாரோடு, கிட்டார் வாசிப்பவரான ஜிம்மி பிரையன்ட்டுடன் சேர்ந்து அவர் கேப்பிட்டல் கம்பெனிக்குப் பதிவு செய்த இசையை ஒரு தடவை தேடிக் கேளுங்க. ராக்கெட் மேலே ஏறுவது போல, பாத்திரம் உருண்டு விழுவது போலச் சத்தங்கள். 1950களின் தொடக்கத்தில் இப்படி ஒரு சத்தமா என்று ஆச்சரியமா இருக்கும்.

1954இல் இன்னொரு திருப்பம். வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் தன் பிக்ஸ்பி கிட்டாரில், தந்தி ஒலித்துக்கொண்டு இருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு ஸ்வரம் அப்படியே நிற்க, பக்கத்து ஸ்வரம் வளைந்து ஏறியது. அதற்குப் பிறகு நாஷ்வில்லில் ஸ்டீல் வாசிக்கும் எல்லாருக்கும் பெடல் வேண்டும். வீணையில் தந்தியை மெட்டு மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டு வருவார்களே, அந்த வேலையைக் காலும் இயந்திரமும் செய்யுதுன்னு வைச்சுக்கோங்க.

ஒரே ஒரு யூசருக்கான செட்டிங்

இப்போ முக்கியமான விஷயம். அந்தக் காலத்தில் எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொருத்தரும் தன் காதுக்கும் காலுக்கும் ஏற்ற மாதிரி கேட்டு வாங்கினார்கள். இந்த அமைப்புக்கு இப்போது ‘கோபெடன்ட்’ என்று பெயர். கார்ட், பெடல், அரேஞ்ச்மென்ட் மூன்றையும் ஒட்டிச் செய்த சொல். இன்றைக்கு மாணவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்வது பத்துத் தந்தி, மூணு பெடல், முழங்காலால் தள்ளும் சில லீவர்கள் கொண்ட ‘ஈ நைன்த்’ அமைப்பு. பட்டி எமன்ஸ் போன்றவர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக உருவாக்கியது.

ஆக, ஒரு பழைய மாஸ்டரின் பிக்ஸ்பி உங்க கைக்கு வந்தால், அதில் உட்கார்ந்ததும் உங்களுக்கு ஒண்ணும் வராது. நீங்க கற்றது வேறு கீபோர்டு, இது வேறு கீபோர்டு. கிடைத்திருப்பது ஒரு மனிதரின் பழக்கங்கள். மரத்திலும் உலோகத்திலும் சேவ் பண்ணி வைத்தவை.

அவர் வாசித்ததுதானா?

இன்னொரு வேடிக்கை. சாதாரண கிட்டாரில் ஒருத்தர் இருபது வருஷம் வாசித்தால் கழுத்தில் தடம் இருக்கும். மெட்டுகள் தேயும், மரம் விரல் பட்டுக் கறுக்கும். ஸ்டீல் கிட்டாரில் அந்த உலோகத் துண்டு தந்தியோடு நின்றுவிடும், மரத்தைத் தொடாது. கழுத்தில் இருக்கும் கோடுகள் வெறும் அடையாளம்தான். எவ்வளவு பெரிய மாஸ்டர் வாசித்திருந்தாலும் அவருடைய இடது கை அதில் எதையுமே எழுதியிருக்காது. தடம் தேட வேண்டிய இடங்கள் வேறு: வலது உள்ளங்கை படும் இடம், பெடலின் மேல்பக்கம்.

அப்புறம் எப்படி உறுதி பண்ணுவது? பிக்ஸ்பி தன் கருவிகளில் சீரியல் நம்பராகத் தேதியையே பொறித்தார். மெர்ல் ட்ராவிஸுக்குச் செய்த புகழ்பெற்ற கிட்டாரில் 1948 மே 25 என்ற தேதி இருக்கு. அடுத்தது மரத்தின் ரேகை. ஒரு மேப்பிள் பலகையில் இருக்கும் சுழிகள் இன்னொன்றில் அப்படியே வராது. பழைய ஃபோட்டோவைப் பெரிதாக்கி, சுழிக்குச் சுழி ஒப்பிடலாம். கிட்டத்தட்ட கைரேகை மேட்சிங்.

பூட்டி வைப்பதா, மாற்றுவதா?

சரி, அவருடையதுதான் என்று உறுதியாயிடுச்சு. இப்போ என்ன செய்வீங்க? பெடல் அமைப்பை இன்றைய முறைக்கு மாற்றினால் நீங்க வாசிக்கலாம். ஆனால் அந்த மாஸ்டரின் செட்டிங் போயிடும். மாற்றாமல் கண்ணாடிக்குள் வைத்தால் செட்டிங் இருக்கும், சத்தம் இருக்காது.

நான் முதலில் கண்ணாடிக் கட்சி. ஸ்பீடி வெஸ்ட்டின் வாழ்க்கையைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியலை. அவரே பின்னால் ஃபெண்டர் கிட்டாருக்கு மாறினார். 1960இல் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சாவுக்குப் போய் ஃபெண்டரின் கிடங்கைக் கவனித்துக்கொண்டார். அவருக்குக் கருவி கருவிதான், கோயில் இல்லை. 1981இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாசிப்பு நின்றது. 2003 வரை உயிரோடு இருந்தார். யோசிச்சுப் பாருங்க, இருபத்திரண்டு வருஷம். எந்தக் கிட்டாரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அந்தச் சத்தத்தை அவராலேயே திரும்பக் கொண்டுவர முடியாது. சத்தம் கருவியில் இல்லை, கையில் இருந்தது. ஆனால் அந்தக் கை எதோடு பேசியது என்பதைச் சொல்ல மிச்சம் இருப்பது கருவி மட்டும்தான்.

அதனால் நான் வந்து நிற்கும் இடம் இது. முதலில் எழுதி வைக்கணும்: ஒவ்வொரு தந்தியின் கனம், சுருதி, ஒவ்வொரு பெடலும் எதை எவ்வளவு மாற்றுகிறது. எல்லாத்துக்கும் ஃபோட்டோ எடுக்கணும். அப்புறம், திரும்ப எடுக்க முடிகிற மாற்றத்தை மட்டும் செய்யணும். புதுத் துளை போடக் கூடாது. பாலிஷைச் சுரண்டக் கூடாது. பிக்கப் வேலை செய்தால் சுருளைத் தொடக் கூடாது. கழற்றிய ஒவ்வொரு திருகும் லேபிளோடு டப்பாவில் இருக்கணும். அதன் பிறகு, வாசிக்கணும். கோடிங் செய்றவங்களுக்கு இது புதுசு இல்லை: முதலில் பேக்கப், பிறகு மாற்றம், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போக ஒரு வழி.

பாட்டியின் இருபத்து நான்கு மெட்டு

இப்போ எங்க வீட்டு வீணை. தஞ்சாவூர் வீணை, பலா மரம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகு மேல்தான் உட்கார்ந்திருக்கும் என்பது தெரியுமா? இங்கே குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுதே, மெழுகு காய்ந்து வெடிச்சுப் போச்சு. திரும்ப மேளம் கட்டணும், அதாவது புது மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்து உட்கார வைக்கணும். ஊரில் வீணை வேலை பார்க்கும் ஒருவரிடம் அம்மா வீடியோ காலில் காட்டினார். மெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கு, அரம் போட்டுச் சமமாக்கணும், இல்லைன்னா தந்தி இரையும் என்றார்.

அந்தப் பள்ளம்தான் என் பிரச்சினை. பாட்டி தந்தியை இழுத்து இழுத்து விழுந்த பள்ளம். ஸ்டீல் கிட்டார் மாஸ்டர்கள் கழுத்தில் விட்டுப்போகாத தடத்தை எங்க பாட்டி விட்டுப்போயிருக்காங்க. அதை எப்படி அரத்தால் தேய்க்கிறது?

அம்மா கேட்டது ஒரே கேள்வி. “பாட்டியே எத்தனை தடவை மேளம் கட்டினாங்கன்னு உனக்குத் தெரியுமாடி?”

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு நினைவிருப்பதே நாலு தடவை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பழைய மெட்டுகளை யாரும் தேய்க்கப் போவதில்லை. ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து, ஃபோட்டோ எடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஃபோனில் பதிவு பண்ணியாச்சு. இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது வீணையும் கூட வருது. புது மெட்டுகளோடு மேளம் கட்டுவாங்க. பழைய 24 மெட்டும் ஒண்ணிலிருந்து இருபத்து நாலு வரை நம்பர் போட்டு, பாட்டியோட பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். திரும்பி வந்ததும் நான் ஸரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்கணும். அது அம்மா போட்ட கண்டிஷன்.

உங்க வீட்டிலும் யாரோ ஒருத்தர் கைக்குப் பழகிய பொருள் ஒன்று நிச்சயம் இருக்கும்: தையல் மெஷின், கேமரா, ஹார்மோனியம். அதை இப்போ என்ன பண்றீங்க? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. நல்லதாக நாலைந்தை அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.

அடுத்த வாரம் பார்ப்போம்!