கிணற்று மோட்டாருக்குரிய தானியங்கிக் கருவிகளும் அவற்றிற்கு முன் வேண்டிய காப்பும்

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கவலை இறைத்து வந்த இடங்களிற் படிப்படியாக மின்சாரப் பம்புகள் அமைந்தன. மாடும் ஆளும் படும் பாடு குறைந்தது. ஆயினும் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஓர் ஆள் கொட்டகைக்குச் செல்ல வேண்டியே இருந்தது. மூன்று பேஸ் மின்சாரம் இரவு வேளையில் வருமாயின், உறக்கம் விட்டு எழுந்து, விளக்கும் தடியுமாக வரப்பின் மேல் நடந்து செல்லுதல் விவசாயிக்குப் பெருந்தொல்லை. இத்தொல்லையைத் தவிர்க்கும் பொருட்டே தானியங்கிக் கருவிகள் இன்று பரவலாக உபயோகத்திற்கு வந்துள்ளன. அவற்றின் நன்மை யாவரும் அறிந்ததே. அவற்றால் புதிதாக நேரும் அபாயமும், அதனைத் தடுக்கும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

கருவிகளின் வகை: முதலாவது, ஆட்டோ ஸ்டார்ட்டர். மூன்று பேஸ்களும் சரியாக வந்துள்ளனவா என்று பார்த்து, சில வினாடிகள் தாமதித்து, இது மோட்டாரைத் தானே ஓட்டும். இரண்டாவது, ஒரு பேஸ் அற்றுப்போகும் சமயத்தில் மோட்டாரை நிறுத்தும் கருவி. மூன்று பேஸ் மோட்டார் இரண்டு பேஸ்களில் ஓடினால், மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, காயில் கருகிவிடும். அதனை இது தடுக்கும். மூன்றாவது, கிணற்றில் நீர் வற்றினால் நிறுத்தும் கருவி. நீரை இழுக்காத மோட்டார் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும் என்பதைக் கொண்டு இது நிலைமையை அறிகின்றது. நான்காவது, கைபேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர். சிம் கார்டு பொருத்திய இக்கருவி, வீட்டிலிருந்து அழைத்த மாத்திரத்தில் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும்.

அபாயம் யாதெனில்: கையால் ஓட்டும் மோட்டாரில், பொத்தானை அழுத்துபவர் எதிரே ஆள் நிற்பதைக் காண்கிறார். தானியங்கிக் கருவிக்குக் கண் கிடையாது. பெல்ட் மாட்டுபவரின் விரலையும், கேபிள் இணைப்பைப் பிரிப்பவரின் கையையும் அது அறியாது. மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓட்டிவிடும். கைபேசிக் கருவியோ, கொட்டகையில் தம்பி வேலை செய்வதை அறியாமல் வீட்டிலிருக்கும் அண்ணன் அழைத்தாலும் கீழ்ப்படியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூன்று பேஸ் இல்லாத வேளையிலும் ஓரிரு பேஸ்களில் மின்சாரம் இருத்தல் கூடும். மோட்டார் நின்றுவிட்டது, ஆதலின் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணுதல் பெருந்தவறு.

ஆகவே, மோட்டாரையோ பம்பையோ தொடுமுன் பின்வரும் ஒழுங்கைத் தவறாது கைக்கொள்ள வேண்டும். ஆட்டோ என்ற நிலையிலிருந்து மாற்றி வைப்பது மாத்திரம் போதாது. மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டெஸ்டரை, மின்சாரம் உண்டென்று அறிந்த ஒரு பிளக்கில் வைத்து அது எரிவதை உறுதி செய்து, பின்பு மோட்டார் முனைகள் மூன்றிலும் சோதித்து, மறுபடியும் அதே பிளக்கில் சோதிக்க வேண்டும். பழுதான டெஸ்டரும் எரியாது. ரப்பர்ச் செருப்பணிந்து உலர்ந்த பலகை மேல் நிற்பவர் கையிலும் அது மங்கலாகவே எரியும். வெயிலில் அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாமலும் போகும். ஆதலின் மல்டிமீட்டர் ஒன்று வைத்திருத்தல் நலம். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே ஏறத்தாழ 415 வோல்ட்டும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும் காட்டுவது இயல்பான நிலை.

பியூஸ் மனிதனைக் காக்குமா? பலர் அவ்வாறு நம்புகின்றனர். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஏறத்தாழ 7½ ஆம்பியர் எடுக்கும். அதன் பியூஸ் அதைவிட மிகுந்த மின்னோட்டத்தில்தான் உருகும். மனித உடலிலோ 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே, பியூஸ் கம்பியையும் மோட்டாரையும் காக்குமேயன்றி ஆளைக் காக்காது.

ஆளைக் காப்பவை இரண்டு. ஒன்று நல்ல எர்த். மோட்டாரின் உடலில் ஒரு பேஸ் பட்டுவிட்டதென்று கொள்வோம். எர்த்தின் தடை 50 ஓம் ஆயின், 4.6 ஆம்பியரே மண்ணிற் செல்லும், பியூஸ் போகாது, மோட்டாரின் இரும்பு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். தடை குறையக் குறைய அபாயமும் குறையும். குழாயைப் புதைப்பதாயின் 2½ மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள ஜி.ஐ. குழாயை நேராக இறக்கி, கோடையில் அக்குழியில் நீர் ஊற்றி ஈரம் காத்தல் வேண்டும்.

மற்றொன்று மின்கசிவுத் தடுப்பான், கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள தடுப்பான், அவ்வளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மூன்று பேஸ் மோட்டாருக்கு நான்கு முனைத் தடுப்பான் வேண்டும். மூன்று பேஸ்களும் நியூட்ரலும் அதனூடு செல்ல வேண்டும். எர்த் கம்பி செல்லலாகாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

தடுப்பான் அமைத்த பின் அடிக்கடி விழுகின்றது என்று சிலர் அதனை நீக்கிவிடுகின்றனர். இது நோயை விட்டு வைத்தியரை விரட்டுவதாகும். எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொண்டு கொட்டகையில் விளக்கெரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 40 வாட் விளக்கு ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியரை மண்ணில் விடுமாதலால், தடுப்பான் விழுதல் நியாயமே. அவ்விளக்கின் இணைப்பை மாற்றுவதே பரிகாரம். அவ்வாறின்றி விழுமாயின், நீரில் மூழ்கிய கேபிளோ மோட்டாரோ கசிகின்றது என்பது பெறப்படும். மின்பணியாளரைக் கொண்டு 500 வோல்ட் மெக்கரால் சோதித்து, 1 மெக் ஓமுக்குக் குறைந்திருப்பின் பழுது பார்க்க வேண்டும்.

தாமே செய்யத்தக்கவை எவை? விளக்கு, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை முன்னிருந்த அளவிலேயே மாற்றுதல் வரையில் சட்டம் இடங்கொடுக்கின்றது. பியூஸுக்கு அதற்கென்று விற்கும் கம்பியையே இட வேண்டும். கேபிளின் செப்பிழையை முறுக்கி இடலாகாது. ஸ்டார்ட்டர் பெட்டி, தடுப்பான், எர்த் ஆகியவற்றை அமைக்கும் வேலை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கே உரியது. ஆயினும் அவர் வேலையை மேற்பார்வை செய்ய மேற்கூறியவற்றை அறிந்திருத்தல் மிகவும் பிரயோஜனமாகும்.

கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர் முதலில் எர்த்தும் தடுப்பானும் அமைத்து, எஞ்சியதைக்கொண்டு ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்குவாராக. கைபேசிக் கருவி உள்ள கொட்டகையின் கதவில், “இம்மோட்டார் தானே ஓடும், பியூஸ் கட்டையைக் கழற்றாமல் தொடாதே” என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நன்று. கூலிக்கு வருவோரும், விளையாட வரும் பிள்ளைகளும் அதனால் எச்சரிக்கை பெறுவர்.