நடுக்கம் அடக்கிய மின்துடிப்பு

குவளையில் உள்ள நீரை எடுத்துப் பருகுவது மிக எளிய செயல். கை நீள்கிறது, விரல்கள் மடங்குகின்றன, குவளை வாயருகே வந்து சேர்கிறது. இவற்றுள் எதனையும் நாம் எண்ணிச் செய்வதில்லை. ஆயினும், குவளை உதட்டை அடையுமுன் பாதி நீரைத் தரையிற் சிந்திவிடும் மக்களும் உலகில் உளர். அவர்தம் கைகளில் வலிமை இல்லாமல் இல்லை. எலும்பிலும் தசையிலும் குறையில்லை. கை மட்டும் அவர் சொற்கேளாது தானே ஆடிக்கொண்டிருக்கும்.

இந்நோயின் இயல்பை முதன்முதல் தெளிவுற எழுதி வைத்தவர் இலண்டன் மாநகரில் மருத்துவத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர். 1817 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூலில் கூறப்பட்ட நோயாளிகள் அறுவரே. அவருள்ளும் சிலரை அவர் தெருவில் கண்டே அறிந்தார்! கூர்ந்து நோக்கும் கண் உடையவர்க்குத் தெருவும் ஒரு மருத்துவசாலையாகும் போலும். பிற்காலத்தார் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினர்.

பார்க்கின்சன் நோய் வெறும் நடுக்கம் மட்டும் அன்று. உடல் விறைக்கும், நடை தளரும், வாயில் நிலையைக் கடக்கும் இடத்தில் கால் தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிடும். உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்தும் முகத்தில் அது தோன்றாது. எழுதத் தொடங்கினால், முதற்சொல் பெரிதாகவும் போகப் போக எழுத்துக்கள் கடுகளவாகவும் சிறுத்துவிடும். எழுதுகோலையே வாழ்நாள் துணையாகக் கொண்டவர்க்கு இதனினும் பெருந்துன்பம் வேறு உண்டோ!

நம் மூளையின் அடிப்பகுதியில் கருநிறம் படிந்த சிறிய பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடலின் இயக்கம் தங்குதடையின்றி நிகழ அப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய்க்குக் காரணம். குறைந்த பொருளை ஈடுசெய்ய, 1960-களில் லீவோடோபா என்னும் மருந்தை வழங்கத் தொடங்கினர். நம் வேலிகளிற் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இம்மருந்துப் பொருள் இயற்கையாகவே அமைந்துள்ளது. அவ்விதையினின்று அதனைப் பிரித்தெடுத்த செய்தியைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தார் 1937 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். நடுக்கத்திற்கு அது மருந்தாகும் என்பதை உலகம் அன்று அறிந்திலது.

லீவோடோபா அரிய மருந்து. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுகள் சில கழிந்தபின், மருந்தின் ஆற்றல் வேளைக்கு வேளை ஏறியும் இறங்கியும் நோயாளியை அலைக்கழிக்கும். ஏறிய வேளையில் உடல் நெளியும். இறங்கிய வேளையில் மரம்போல் நின்றுவிடும். மருந்துக்கு அடங்காத நடுக்கமும் உண்டு. அத்தகையோர்க்கு மருத்துவர் ஓர் அறுவை முறையைக் கையாண்டு வந்தனர். மூளையின் நடுவே தலாமஸ் என்னும் பகுதியில் நடுக்கத்தோடு தொடர்புடைய ஒரு சிற்றிடத்தைச் சுட்டழிப்பதே அம்முறை. அழித்தால் நடுக்கம் நிற்கும். ஆனால் அழித்தது அழித்ததே; இடம் சற்றுத் தவறினாலும் மீட்க வழியில்லை. இரு கைகளின் நடுக்கத்தையும் போக்க எண்ணி மூளையின் இருபுறமும் அழித்தாலோ, பலர்க்குப் பேச்சுக் குழறிவிடும். ஒரு கையை மட்டும் நலமாக்கி மற்றொன்றை ஆடவிடுவதா, அன்றி இரு கைகளையும் பெற்று நாவை இழப்பதா? மருத்துவர் இவ்விரண்டற்கும் இடையே நெடுங்காலம் திகைத்து நின்றனர்.

இத்திகைப்பு நீங்கிய இடம் பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள கிரெனோபிள் நகரம். அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலிம் லூயி பெனாபித் மூளை அறுவை மருத்துவர். பௌதிக நூலிலும் டாக்டர் பட்டம் பெற்றவர். கத்தியையும் மின்சாரத்தையும் ஒருங்கே அறிந்தவர் அவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சுட்டழிக்கும் முன்னர், தாம் குறித்த இடம் சரியானதுதானா என்று மருத்துவர் சோதித்துப் பார்ப்பது வழக்கம். மயிரிழை போன்ற கம்பியை உள்ளே செலுத்தி, அதன் முனை வழியே மெல்லிய மின்துடிப்புக்களை விடுவர். விரல் மரத்தாலோ, தசை இழுத்தாலோ இடம் தவறியது என்று உணர்ந்து கம்பியை நகர்த்துவர். அதுகாறும் மின்சாரம் வழிகாட்டியாக மட்டுமே இருந்தது. 1987 ஆம் ஆண்டில், ஒரு நடுக்க நோயாளிக்கு இச்சோதனையைச் செய்தபோது, பெனாபித் வழக்கமான அளவோடு நிற்கவில்லை. துடிப்புக்களின் எண்ணிக்கையைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தார். நொடிக்கு 100 துடிப்புக்களை அணுகியபோது ஆடிக்கொண்டிருந்த கை ஓய்ந்தது. மின்சாரத்தை நிறுத்தினார், நடுக்கம் மீண்டது. மீண்டும் செலுத்தினார், அடங்கியது.

இடம் காட்ட வந்த கம்பியே மருந்தாகவும் இருப்பின், அழிப்பானேன்? கம்பியை உள்ளேயே விட்டுவைத்தால் என்ன? நடுக்கத்தைக் காப்பதற்கு மின்சாரம் போதும். தீங்கு நேரின் நிறுத்திவிடலாம். வேண்டாவிடின் கம்பியையும் எடுத்துவிடலாம். முன்னரே ஒருபுறம் அறுவை செய்துகொண்டவர்க்கு மறுபுறம் அழியாமல் இவ்வாறு செய்யலாம் அன்றோ? அங்ஙனமே செய்தனர் பெனாபித்தும் அவருடன் உழைத்த நரம்பியல் மருத்துவர் பியேர் பொலாக்கும். இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவிகள் அக்காலத்திற்குள் நன்கு திருந்தியிருந்தமையால், மார்பின் தோலுக்கடியில் வைக்கத்தக்க சிறு மின்கலமும் அவர்கட்குக் கிடைத்தது.

இது நடுக்கத்திற்கு ஆயிற்று. விறைப்புக்கும் நடைத் தளர்ச்சிக்கும் வேறோர் இடம் தேட வேண்டியிருந்தது. அதற்கு வழிகாட்டியது ஒரு துயர நிகழ்ச்சி. 1982 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிழைபடச் செய்த போதைப்பொருளை ஊசி வழி ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர், சில நாட்களுக்குள் முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசையாது கிடந்தனர். அந்நஞ்சு எதுவென ஆராய்ந்தறிந்தபின், அதனைக் கொண்டு குரங்குகளிடத்து இந்நோயைத் தோற்றுவித்து ஆராய இயன்றது. பால்டிமோர் நகரில் மாலன் டிலாங் என்பவரும் அவர் குழுவினரும் இவ்வாறு ஆராய்ந்து, தலாமஸின் கீழே உள்ள சிறிய நரம்பணுத் திரள் ஒன்று நோயுற்ற மூளையில் அளவுக்கு மீறி வேலை செய்வதையும், அதனை அடக்கினால் விலங்கின் இயக்கம் மீள்வதையும் 1990 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கிரெனோபிள் குழுவினர் 1993 ஆம் ஆண்டில் அதே திரளில் மனிதர்க்கு மின்முனை பதித்தனர். நடுக்கத்தோடு விறைப்பும் தளர்ந்தது. பெனாபித், டிலாங் இருவரும் 2014 ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வறுவை நிகழும் முறை வியப்பூட்டுவது. நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, மூளையின் படங்களைக் கொண்டு, செல்ல வேண்டிய வழியையும் ஆழத்தையும் கணக்கிடுவர். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்கு வலியுணர்ச்சி இல்லையாதலின் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்தாற் போதும். நரம்பணுக்களின் மின்னொலியை ஒலிபெருக்கி வழியே கேட்டுக்கொண்டே மருத்துவர் கம்பியைச் செலுத்துவர். ஓரிடத்தில் சரசரப்பு, சிறிது ஆழம் போனபின் அமைதி, அப்பால் அடைமழை போன்ற பேரொலி. இலக்காகிய திரள் நெருங்கிற்று என்பதற்கு அதுவே அறிகுறி. பின்னர் மின்துடிப்பைச் செலுத்தி, “விரல்களை மடக்குங்கள், ஒன்று முதல் எண்ணுங்கள்” என்பர். நாக்குக் குழறினால் கம்பி அகல வந்துவிட்டது என்று அறிந்து வேறிடம் பார்ப்பர். நோயாளியின் சொல்லே அங்கு அறுவை மருத்துவர்க்கு அளவுகோலாகின்றது.

பதித்து வைக்கும் கம்பியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். அதன் நுனியில் நான்கு மின்முனைகள் அமைந்திருக்கும். எதனை இயக்குவது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம். கழுத்தின் தோலுக்கடியே செல்லும் கம்பி மார்பிலுள்ள மின்கலத்தோடு இணையும். துடிப்பு வழக்கமாக நொடிக்கு 130. அதன் அளவை மருத்துவர் வெளியிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் வல்லர். ஒருவர்க்கு ஏற்ற அளவை அறியப் பல வாரங்கள் ஆவதும் உண்டு. சிலர்க்கு மனநிலை மாறும். எண்ணாது செலவிடுவாரும் உளர். ஆதலின் வீட்டாரிடமும் மருத்துவர் கேட்டறிதல் இன்றியமையாதது.

மின்சாரம் அங்கு என்னதான் செய்கிறது? இதுபற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. ஆயினும் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. வகுப்பறையில் மாணவர் அனைவரும் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தால், ஒருவன் எழுந்து கேட்கும் வினா ஆசிரியர் செவிக்கு எட்டாது. நோயுற்ற மூளையிலும் இத்தகைய நிலை உண்டாகின்றது: தனித்தனியே பேச வேண்டிய நரம்பணுக்கள் நொடிக்கு 13 முதல் 30 வரையான தாளத்தில் ஒருங்கே முழங்குகின்றன. விரைவான மின்துடிப்பு அம்முழக்கத்தைக் கலைத்துவிடுகிறது. உடலை இயக்கும் கட்டளைகட்கு வழி திறக்கிறது.

இம்மருத்துவம் நோயை அறவே போக்கும் என்று எவரும் கருதலாகாது. கிரெனோபிளில் இவ்வறுவை பெற்ற 49 நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த முடிவை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்துண்ணாத வேளையிலும் அவர்தம் இயக்கக் குறைபாடு 54 விழுக்காடு குறைந்திருந்தது. பேச்சு மட்டும் தேறவில்லை. நடை தடைப்படுதலும் அறிவுத் தளர்ச்சியும் ஆண்டுதோறும் வளர்ந்தே வந்தன. அணுக்கள் உள்ளே அழிந்துகொண்டிருக்க, மின்சாரம் அதன் விளைவை அடக்கி வைக்கிறதேயன்றி அழிவைத் தடுப்பதில்லை. இக்குறையை மறைக்காது எழுதிய அவ்வாராய்ச்சியாளரின் நேர்மை பாராட்டத் தக்கது.

இன்று பல்கலைக்கழக ஆய்வகங்களில் நடைபெறும் முயற்சி வேறொன்று. இரவும் பகலும் ஓயாது துடிக்கும் கருவியால் மின்கலம் விரைவில் வற்றும். வேண்டாத வேளையிலும் மின்சாரம் பாய்வதால் சிலர்க்குப் பேச்சுத் தடுமாறும். ஆகவே, மூளையின் முழக்கத்தைக் கருவியே கேட்டறிந்து, அது மிகும்போது மட்டும் துடிப்பை அனுப்பும் முறையை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளிடத்துச் சோதித்து 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்வாறு கேட்டுப் பதில் சொல்லும் கருவியை நோயாளிகட்குப் பொருத்த அமெரிக்க அரசினர் 2025 ஆம் ஆண்டில் இசைவளித்தனர். முதலில் இடம் காட்டவும், பின்னர் நடுக்கம் அடக்கவும் பயன்பட்ட அதே மெல்லிய கம்பி, இப்பொழுது செவியாகவும் ஆகி மூளையின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.